வானத்து விசை யார் கையில்?

உக்ரைன் ராணுவம் போர்முனையில் பயன்படுத்தும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணைய இணைப்புகளுக்காகப் போலந்து அரசு ஆண்டுதோறும் சுமார் 5 கோடி டாலர் கட்டணம் செலுத்தி வருகிறது. 2025 மார்ச் மாதத்தில் அந்நிறுவனத்தின் உரிமையாளர் எலான் மஸ்க், தாம் அந்தச் சேவையை நிறுத்திவிட்டால் உக்ரைனின் போர்முனை முழுவதும் சரிந்துவிடும் என்று தமது சமூக ஊடகப் பக்கத்தில் எழுதினார். இந்நிறுவனம் நம்பகமற்றது என்று தெரியவந்தால் வேறொருவரைத் தேட நேரிடும் என்று போலந்தின் வெளியுறவு அமைச்சர் ராடோஸ்லாவ் சிகோர்ஸ்கி பதிலளித்தார். நீங்கள் தரும் பணம் மொத்தச் செலவில் சிறு துளிதான், ஸ்டார்லிங்க்குக்கு மாற்றே இல்லை என்று, வாயை மூடிக்கொண்டிருக்கும்படியான ஏளனத்துடன் மஸ்க் திருப்பிச் சொன்னார். சேவையை நிறுத்தப் போவதில்லை என்றும் அவர் பின்னர் தெரிவித்தார்.

ஓர் இறையாண்மை கொண்ட நாட்டின் வெளியுறவு அமைச்சரிடம் ஒரு தொழிலதிபர் இப்படிப் பேச முடிந்தது பலருக்கு அதிர்ச்சியளித்தது. பேச்சின் தொனி அநாகரிகமானது என்பதில் ஐயமில்லை. ஆனால், அவர் சொன்ன செய்தி பொய்யல்ல என்பதுதான் கவலைக்குரியது. பணம் கொடுப்பவர் ஒருவர், பயன்படுத்துபவர் இன்னொருவர், விசையைக் கையில் வைத்திருப்பவர் மூன்றாமவர். சந்தையில் இத்தகைய ஏற்பாடுகள் ஏராளமாக உண்டு. போர்க்களத்தில் இது புதிது.

இந்த நிலை எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷியப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்த அதே காலையில், உக்ரைன் ராணுவமும் பயன்படுத்திவந்த வயாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணைய வலையமைப்பு இணையத் தாக்குதலால் முடக்கப்பட்டது. அதன் விளைவாக, போருக்குத் தொடர்பே இல்லாத ஜெர்மனியில் சுமார் 5,800 காற்றாலைகள் தொலைக் கண்காணிப்புத் தொடர்பை இழந்தன. இரண்டு நாள்கள் கழித்து உக்ரைன் துணைப் பிரதமர் மிகைலோ ஃபெடோரோவ் சமூக ஊடகத்திலேயே மஸ்க்கிடம் உதவி கேட்டார். சில மணி நேரத்தில் சேவை தொடங்கியது. அடுத்த சில நாள்களில் கருவிகள் வந்து இறங்கின. அந்த உதவி இல்லாதிருந்தால் உக்ரைன் தகவல்தொடர்பின்றித் தத்தளித்திருக்கும். இந்த உண்மையை மறைத்துவிட்டு மஸ்க்கை வில்லனாக மட்டும் சித்திரிப்பது நேர்மையாகாது.

ஆனால், கொடுத்த கை எல்லையையும் வகுத்தது. கிரிமியாவில் உள்ள ரஷியக் கடற்படையைக் கடல் ட்ரோன்கள் மூலம் தாக்க, அப்பகுதிக்கும் சேவையை விரிவுபடுத்துமாறு 2022-இல் உக்ரைன் கேட்டபோது மஸ்க் மறுத்துவிட்டார். ஒரு பெரும் போர் நடவடிக்கைக்குத் தமது நிறுவனம் உடந்தையாகிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். அந்த முடிவு சரியா, தவறா என்று இருவேறு கருத்துகள் இருக்கலாம். அணு ஆயுத வல்லரசுடனான போர் விரிவடைவதைத் தடுத்த நிதானம் என்று அதனைப் பாராட்டியவர்களும் உண்டு. கேள்வி அதுவல்ல. எந்தத் தேர்தலிலும் வாக்குப் பெறாத, எந்த நாடாளுமன்றத்துக்கும் பதில் சொல்லக் கடமைப்படாத ஒருவர் அந்த முடிவை எடுக்கும் நிலையில் இருந்தார் என்பதே கவனிக்கத்தக்கது. அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன்கூட இந்நிலையை உணர்ந்து, 2023 ஜூனில்தான் உக்ரைனுக்கான சேவைக்காக அந்நிறுவனத்துடன் முறையான ஒப்பந்தம் செய்துகொண்டது.

தனிநபரின் மனநிலையைப் பொறுத்த சிக்கல் இது என்று எண்ணிவிடக் கூடாது. மஸ்க்குக்குப் பதிலாக மிக நிதானமான ஒருவர் அந்த இடத்தில் இருந்தாலும் இன்னொரு விசை மிச்சமிருக்கிறது. அது அந்நிறுவனம் பதிவு செய்யப்பட்டுள்ள நாட்டின் அரசிடம் இருக்கிறது. 2025 பிப்ரவரி இறுதியில் அமெரிக்க அதிபர் டிரம்ப்புக்கும் உக்ரைன் அதிபர் ஸெலென்ஸ்கிக்கும் இடையே வெள்ளை மாளிகையில் நடந்த வாக்குவாதத்துக்குப் பின், உக்ரைனுக்கான உளவுத் தகவல் பகிர்வு சில நாள்கள் நிறுத்திவைக்கப்பட்டது. அப்போது மேக்ஸார் என்ற தனியார் நிறுவனத்தின் செயற்கைக்கோள் படங்களை, அமெரிக்க அரசின் திட்டம் வழியாக உக்ரைன் பார்த்துவந்த வசதியும் துண்டிக்கப்பட்டது. நிறுவனம் தன் அரசின் ஆணைக்குக் கீழ்ப்படிந்தது; அதைத் தவறென்று சொல்ல முடியாது. எந்த நாட்டு நிறுவனமும் அப்படித்தான் செய்யும்.

உக்ரைன் தொலைவில் இருக்கிறது, அது போர்ச் சூழல், நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு கிடைத்திருக்கிறது. குஜராத்தின் வாடினாரில் பெரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையையும், நாடெங்கும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்ரோல் நிலையங்களையும் நடத்திவரும் நயாரா எனர்ஜி நிறுவனத்தில் ரஷியாவின் ரோஸ்நெஃப்ட் நிறுவனத்துக்கு ஏறத்தாழ பாதிப் பங்கு உண்டு. அதன் காரணமாக 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் நயாரா மீது தடை விதித்தது. சில நாள்களில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நயாராவுக்கு அளித்துவந்த மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை நிறுத்தியது. நயாரா இந்தியச் சட்டத்தின்கீழ் இயங்கும் நிறுவனம், கட்டணம் செலுத்தப்பட்ட உரிமங்களைத்தான் அது பயன்படுத்திவந்தது, ஐ.நா. சார்பில்லாத ஒருதலைப்பட்சமான தடைகளை இந்தியா ஏற்பதுமில்லை. இருந்தும் ஐரோப்பாவில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு, ஓர் அமெரிக்க நிறுவனத்தின் வழியாக, இந்திய நிறுவனம் ஒன்றின் அலுவலகக் கணினிகளை வந்தடைந்தது. தில்லி உயர்நீதிமன்றத்தை நயாரா நாடிய பின்னர் சேவைகள் மீண்டன. எண்ணெய் ஆலைக்கு மின்னஞ்சல் சில நாள்கள் நின்றால் சமாளித்துக்கொள்ளலாம். எல்லைப் படைக்கு அந்த அவகாசம் கிடைக்காது.

இவ்வகைச் சிக்கல்களைப் பற்றிப் பொருளியலில் தெளிவான சிந்தனை ஒன்று உண்டு. 2016-இல் ஆலிவர் ஹார்ட், பெங்க்ட் ஹோல்ம்ஸ்ட்ராம் ஆகிய இருவருக்கும் ஒப்பந்தக் கோட்பாட்டுக்காக நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஹார்ட் வலியுறுத்திய கருத்து மிக எளிமையானது. எவ்வளவு திறமையான வழக்குரைஞரை வைத்து எழுதினாலும் எந்த ஒப்பந்தமும் முழுமையானதல்ல. நாளை நேரக்கூடிய எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவைக்க இயலாது. எழுதாமல் விடுபட்ட ஒன்று நேரும்போது முடிவெடுக்கும் உரிமை யாருக்கு? அந்தச் சொத்து யாருடையதோ அவருக்குத்தான். உடைமை என்பதன் உண்மையான பொருளே இந்த எஞ்சிய கட்டுப்பாட்டு உரிமைதான் என்கிறது அக்கோட்பாடு.

வீடு வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாடகை ஒப்பந்தத்தில் கிணற்றைப் பற்றி எழுதியிருக்க மாட்டார்கள். கோடையில் தண்ணீர் வற்றும்போது கிணற்றங்கரையில் யாருடைய சொல் செல்லும் என்பதை அனுபவத்தில் எல்லோரும் அறிவோம். போர் என்பது ஒப்பந்தத்தில் எழுதாத நிகழ்வுகளின் தொகுப்பு. எனவே, சாதாரண நாள்களில் குத்தகைக்கும் உடைமைக்கும் இடையே தெரியாத வேறுபாடு அன்றைக்குத்தான் வெளிப்படும்.

இந்தப் பின்னணியில்தான் இந்தியா எடுத்துவரும் முடிவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2025 ஜூனில் மத்திய தொலைத்தொடர்புத் துறை ஸ்டார்லிங்க்குக்குச் செயற்கைக்கோள் தொலைத்தொடர்பு உரிமம் வழங்கியது. பார்தி குழுமம் பங்கு வகிக்கும் யூடெல்சாட் ஒன்வெப், ஜியோவின் செயற்கைக்கோள் நிறுவனம் ஆகியவை முன்னரே உரிமம் பெற்றிருந்தன. கண்ணாடியிழைக் கம்பி செல்ல முடியாத மலைக் கிராமங்கள், தீவுகள், பேரிடரில் கோபுரங்கள் சாய்ந்துவிடும் கடற்கரைகள் ஆகியவற்றுக்கு இச்சேவை பெரும் பயன் தரும். இதை எதிர்ப்பது அறிவுடைமையாகாது என்பதே என் கருத்து.

உரிமம் வழங்குவதற்கு முன், 2025 மே மாதத்தில் தொலைத்தொடர்புத் துறை கடுமையான பாதுகாப்பு நிபந்தனைகளை வெளியிட்டது. தரவுகள் இந்தியாவில் உள்ள தரை நிலையங்கள் வழியாகவே செல்ல வேண்டும். சட்டப்படியான கண்காணிப்புக்கு வசதி செய்ய வேண்டும். நாட்டின் எல்லையை ஒட்டிய 50 கிலோமீட்டர் பகுதி சிறப்புக் கண்காணிப்பு மண்டலமாக இருக்கும். தரைப் பகுதிக் கருவிகளில் ஐந்தாண்டுகளில் குறைந்தது 20 சதவீதம் உள்நாட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும் என்பன அவற்றுள் சில. இவை வீண் அச்சத்தில் பிறந்தவையல்ல. 2024 நவம்பரில் அந்தமான் கடலில் சுமார் 6,000 கிலோ போதைப் பொருளுடன் பிடிபட்ட மியான்மர் படகில் ஸ்டார்லிங்க் கருவி இருந்தது. அடுத்த மாதம் மணிப்பூரில் ஆயுதங்களுடன் கைப்பற்றப்பட்ட பொருள்களில் அந்நிறுவனத்தின் சின்னம் பொறித்த கருவி ஒன்றும் இருந்தது. இந்தியாவின் மீது தமது செயற்கைக்கோள் அலைக்கற்றைகள் அணைக்கப்பட்டுள்ளன என்று மஸ்க் அப்போது மறுப்புத் தெரிவித்தார்.

நிபந்தனைகளைக் கூர்ந்து படித்தால் ஒன்று புலப்படும். அவற்றில் பெரும்பாலானவை, தவறானவர்களின் கையில் சேவை கிடைத்துவிடாமல் தடுப்பதற்கானவை. அதாவது, அணைக்கும் அதிகாரம் நம்மிடம் இருக்க வேண்டும் என்பதில் அரசு கவனமாக இருக்கிறது. நமக்குத் தேவைப்படும்போது அணையாமல் இருக்கச் செய்யும் அதிகாரம் வேறு. அதை நிபந்தனையால் பெற முடியாது.

சட்டத்தால் பெற முடியுமா? 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், 20-ஆவது பிரிவில், பொது நெருக்கடியின்போது எந்தத் தொலைத்தொடர்பு வலையமைப்பையும் அரசு தற்காலிகமாகத் தன்வசம் எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்திலிருந்து வழிவழியாக வந்த அதிகாரம் இது. செல்பேசிக் கோபுரத்தையும் இணைப்பகத்தையும் காவலர்களை அனுப்பிக் கையகப்படுத்திவிடலாம். தலைக்குமேல் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளுக்கு எந்தக் காவலரை அனுப்புவது? தரை நிலையம் நம் கைக்கு வரும். கட்டளை பிறக்கும் இடம் அமெரிக்காவில் இருக்கும்.

பன்னாட்டுச் சட்டமும் இதில் பெரிதாகக் கைகொடுக்காது. 1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையின் 6-ஆவது பிரிவு, விண்வெளியில் தனியார் செய்யும் செயல்களுக்கும் அவர்களுடைய நாடே பொறுப்பு என்றும், அந்நாடு அவர்களை அனுமதித்துத் தொடர்ந்து மேற்பார்வையிட வேண்டும் என்றும் கூறுகிறது. சோவியத் ஒன்றியமும் அமெரிக்காவும் விண்வெளியில் முன்னணியில் இருந்த காலத்தில் தொலைநோக்குடன் எழுதப்பட்ட வாசகம்தான். ஆனால், ஒரு நிறுவனம் செய்த தீங்குக்குப் பொறுப்பைச் சுமத்தத்தான் அது உதவும். ஒரு சேவையை வழங்காமல் மறுத்ததற்காக யாரையும் அதன்கீழ் கேள்வி கேட்க முடியாது.

இனி, நமக்கு மிக நெருக்கமான இன்னொரு சேவைக்கு வருவோம். பொதுப் பண்டம் என்றால் என்ன என்று வகுப்பில் விளக்கும்போது கலங்கரை விளக்கத்தை உதாரணமாகச் சொல்வது பொருளியல் ஆசிரியர்களின் நெடுநாள் வழக்கம். ஒரு கப்பல் அந்த ஒளியைப் பயன்படுத்துவதால் இன்னொரு கப்பலுக்கு ஒளி குறைவதில்லை. கட்டணம் செலுத்தாத கப்பலின் கண்ணை மறைக்கவும் முடியாது. என் பணிக்காலத்தின் பிற்பகுதியில் மாணவர்கள் யாரும் கலங்கரை விளக்கத்தைப் பார்த்ததில்லை என்பதால் ஜிபிஎஸ்ஸை உதாரணமாகச் சொல்லத் தொடங்கினேன். உலகமே இலவசமாகப் பயன்படுத்துகிறது, செலவை அமெரிக்க வரி செலுத்துவோர் ஏற்கிறார்கள் என்பது மாணவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

அந்த இலவசத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1983 செப்டம்பர் 1 அன்று வழி தவறித் தன் வான் எல்லைக்குள் நுழைந்த கொரியப் பயணிகள் விமானத்தைச் சோவியத் ஒன்றியம் சுட்டு வீழ்த்தியதில் 269 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகுதான் ராணுவத்துக்காக உருவாகிவந்த ஜிபிஎஸ் குடிமக்கள் பயன்பாட்டுக்கும் திறந்துவிடப்படும் என்று ரீகன் நிர்வாகம் அறிவித்தது. ஆனால், துல்லியமான சமிக்ஞையைத் தனக்கும் தன் கூட்டாளிகளுக்கும் ஒதுக்கிக்கொண்டு, மற்றவர்களுக்குச் சுமார் 100 மீட்டர் வரை பிழை வரும்படி வேண்டுமென்றே தரம் குறைத்த சமிக்ஞையை அமெரிக்கா அளித்துவந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் அதிபர் கிளிண்டன் உத்தரவுக்குப் பிறகே அந்தத் தடை நீங்கியது.

கார்கில் போரில் அமெரிக்கா நமக்கு ஜிபிஎஸ் தர மறுத்தது என்ற கதை மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. 1999-இல் குடிமக்களுக்கான சமிக்ஞை வானிலிருந்து எல்லோருக்கும்தான் வந்துகொண்டிருந்தது. கார்கில் சிகரங்களில் ஒரு பதுங்குகுழிக்கும் அடுத்ததற்கும் உள்ள தொலைவை வைத்துப் பார்த்தால், 100 மீட்டர் பிழையுள்ள வழிகாட்டியை வைத்துக்கொண்டு பீரங்கியை இலக்கில் குறிவைக்க முடியாது என்பது விளங்கும். யாரும் கதவைச் சாத்த வேண்டியிருக்கவில்லை. அரைக்கதவு ஏற்கெனவே சாத்தியே இருந்தது. மறுப்பு என்ற நாடகத்தைவிட இந்த அமைதியான ஏற்பாடுதான் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்.

அந்தப் பாடத்திலிருந்து பிறந்ததே நாவிக். 2006-இல் மத்திய அமைச்சரவை சுமார் 1,420 கோடி ரூபாய்க்கு இத்திட்டத்தை ஏற்றது. ஏழு செயற்கைக்கோள்கள், இந்தியாவும் அதன் எல்லையைச் சுற்றி 1,500 கிலோமீட்டரும் என்பது வரையறை. உலகம் முழுவதற்கும் என்று ஆசைப்படாமல் நமக்குத் தேவையான அளவுக்குத் திட்டமிட்ட சிக்கனம் பாராட்டத்தக்கது. 2013 ஜூலையில் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2016-க்குள் ஏழும் விண்ணில் இருந்தன.

அதன் பிறகு நடந்தது பலருக்குத் தெரியாது. இடங்காட்டும் செயற்கைக்கோளின் இதயம் அதிலுள்ள அணுக் கடிகாரம். ஒளி ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் 300 மீட்டர் பயணம் செய்கிறது. ஆகவே கடிகாரத்தில் அவ்வளவு பிழை நேர்ந்தால் தரையில் இருப்பிடம் 300 மீட்டர் தள்ளிப்போகும். வெளிநாட்டிலிருந்து வாங்கப்பட்ட ருபிடியம் கடிகாரங்கள் முதல் செயற்கைக்கோளில் மூன்றுமே செயலிழந்தன. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டில் ஏவப்பட்ட செயற்கைக்கோள், ராக்கெட்டின் வெப்பக் கவசம் பிரியாததால் வீணாயிற்று. 2023 மே மாதத்தில், ஆமதாபாதில் உருவான உள்நாட்டு அணுக் கடிகாரத்துடன் என்.வி.எஸ்.-01 வெற்றிகரமாக நிலைநிறுத்தப்பட்டது. 2025 ஜனவரியில் ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலாகச் சென்ற என்.வி.எஸ்.-02, ராக்கெட் தன் பணியைச் சரியாகச் செய்தபோதும், செயற்கைக்கோளின் வால்வு திறக்காததால் உரிய சுற்றுப்பாதையை எட்டவில்லை.

இதுவரை ஏவப்பட்ட 11 செயற்கைக்கோள்களில் இருப்பிடம் காட்டும் பணியில் இருப்பவை நான்கே என்று 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அரசு அளித்த பதில் தெரிவித்தது. இன்னும் நான்கு, ஒருவழிச் செய்தி ஒலிபரப்புக்கு மட்டும் பயன்படுகின்றன. ஒன்று ஓய்வு பெற்றுவிட்டது. இரண்டு உரிய பாதையை அடையவில்லை. இருப்பிடத்தைக் கணக்கிட ஒரே நேரத்தில் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவை. 2025 ஜூலையில் நம்மிடம் இருந்த கையிருப்பு சரியாக நான்கு. ஒன்று பழுதானாலும் மற்ற நாடுகளின் செயற்கைக்கோள்களோடு சேர்ந்துதான் நாவிக் இயங்க முடியும். சுயசார்புக்காக உருவான ஏற்பாட்டின் நிலை இது.

விஞ்ஞானிகளைக் குறைசொல்லும் நோக்கம் எனக்கில்லை. விண்வெளியில் தோல்வி இயல்பானது. ஐரோப்பாவின் கலிலியோவும் இதே வகைக் கடிகாரப் பழுதைச் சந்தித்தது. குறை, திட்டமிடும் மேசையில் இருக்கிறது. சொத்து என்றால் அதற்குத் தேய்மானம் உண்டு; தேய்மானத்துக்கு ஒதுக்கீடு செய்யாத நிறுவனம் லாபக் கணக்கு காட்டிக்கொண்டே முதலை இழந்துகொண்டிருக்கும் என்பது வணிகவியல் முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். செயற்கைக்கோளின் ஆயுள் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள். 2013-இல் ஏவியவற்றுக்கு மாற்று 2020 வாக்கில் கட்டுமானத்தில் இருந்திருக்க வேண்டும். நம் அரசுக் கணக்கு முறையிலோ ஒரு புதிய திட்டத்துக்கு ஒப்புதல் பெறுவது எளிது. பழைய திட்டத்தைப் பராமரிக்கப் பணம் பெறுவது கடினம். ஏவுதலுக்குத் தொலைக்காட்சி வரும், பராமரிப்புக்கு வராது. ஏரி வெட்டிய மன்னர்களுக்குக் கல்வெட்டு உண்டு என்றாலும், குடிமராமத்துச் செய்த ஊரார்தான் அந்த ஏரியைக் காப்பாற்றினார்கள்.

இதே பாதையில் சென்று பெரும் விலை கொடுத்த நாடு ஒன்று உண்டு. ரஷியாவின் குளோனாஸ் 1995-இல் 24 செயற்கைக்கோள்களுடன் முழுமை பெற்றது. பொருளாதாரச் சரிவில் மாற்றுச் செயற்கைக்கோள்களுக்குப் பணமில்லாமல் 2001 வாக்கில் அந்த எண்ணிக்கை ஆறேழாகக் குறைந்தது. மீண்டும் முழு எண்ணிக்கையை எட்ட 2011 வரை பிடித்தது. பத்தாண்டுக் காலம் அது பெயரளவில் மட்டுமே இயங்கியது. சீனா அந்தத் தவறைச் செய்யவில்லை. படிப்படியாக மூன்று தலைமுறைகளாகக் கட்டி, 2020-இல் தன் பெய்தோ அமைப்பை உலகளாவியதாக நிறைவு செய்தது.

ஜிபிஎஸ் வானில் இருக்கும்வரை கவலை ஏன் என்று கேட்கலாம். 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை, பெரும்பாலும் அமிருதசரஸ், ஜம்மு பகுதிகளில், விமானங்களின் ஜிபிஎஸ்ஸில் குறுக்கீடும் போலி சமிக்ஞையும் நேர்ந்த 465 நிகழ்வுகள் பதிவானதாக நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. 2024-இல் பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் இத்தகைய குறுக்கீடுகளால் எஸ்தோனியாவின் டார்ட்டு நகருக்கான விமானங்களை ஒரு மாதம் நிறுத்திவைத்தது. நாவிக் சமிக்ஞையையும் எதிரி குழப்ப முடியும், அது கவசமல்ல. ஆனால், ஒன்று குழம்பும்போது ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வேண்டும். வழிகாட்டுதல் மட்டுமல்ல, மின்தொகுப்பும் தொலைத்தொடர்பும் பங்குச் சந்தையும் துல்லியமான நேரத்துக்குச் செயற்கைக்கோள் கடிகாரங்களைப் பெரிதும் நம்பியிருக்கின்றன. இடத்தை இழந்தால் வழிகேட்டுப் போகலாம். நேரம் பிசகினால் வலையமைப்பே குலையும்.

தமிழகக் கடற்கரைக்கும் இதில் நேரடியான பங்கு உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரி மாவட்ட மீனவர்களை ஆழ்கடலில் சூழ்ந்தபோது, எச்சரிக்கை அவர்களைச் சென்றடைய வழியில்லை. கரையிலிருந்து சில கடல் மைல்களுக்கு அப்பால் செல்பேசி இயங்காது. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் நாவிக் செயற்கைக்கோள் வழியே ஆழ்கடல் படகுகளுக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் வந்தன. இருப்பிடம் காட்டும் திறனை இழந்துவிட்ட செயற்கைக்கோள்கள் இன்று செய்துவரும் ஒருவழிச் செய்திப் பணி அதுதான். கடிகாரம் நின்ற பின்னும் அவை உழைக்கின்றன. அவற்றுக்கும் ஆயுள் முடியும் நாள் வரும்.

எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்பது என் வாதமல்ல. 1991-க்கு முந்தைய மூடிய பொருளாதாரத்தில் வாழ்ந்து, ஸ்கூட்டருக்குப் பல ஆண்டுகள் பதிவு செய்து காத்திருந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். சுயசார்பு என்ற பெயரில் தரமற்ற பொருளை அதிக விலைக்கு வாங்கிய நினைவு மறையவில்லை. தடையற்ற வணிகத்தின் தந்தையாகக் கருதப்படும் ஆடம் ஸ்மித்தே இங்கிலாந்தின் கப்பல் போக்குவரத்துச் சட்டங்களை ஆதரித்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அச்சட்டங்களால் வணிகம் பாதிக்கப்படும் என்று அறிந்தும், கடற்படைக்கு மாலுமிகள் தேவை என்பதால் அவர் அவற்றை ஏற்றார்.

எதை வாங்கலாம், எதைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்பதற்கு என்னளவில் ஓர் அளவுகோல் உண்டு. வழங்குபவர் நாளை நிறுத்திவிட்டால் மாற்று ஏற்பாடு செய்ய எத்தனை நாள் ஆகும்? சமையல் எண்ணெய்க்குச் சில வாரங்கள். கச்சா எண்ணெய்க்கு, விலை கூடினாலும், ஓரிரு மாதங்கள். செயற்கைக்கோள் தொகுதிக்குப் பத்தாண்டுகள்.

மாற்று கையில் இருந்தால் பேரம் எப்படி மாறும் என்பதற்கு ஒன்வெப் சாட்சி. 2022 மார்ச்சில், அதன் செயற்கைக்கோள்கள் ராணுவத்துக்குப் பயன்படாது என்று உறுதியளிக்க வேண்டும், பிரிட்டிஷ் அரசு தன் பங்கை விட்டுவிட வேண்டும் என்று ரஷியா நிபந்தனை விதித்தது. ஒன்வெப் மறுக்கவே, ஏவத் தயாராக இருந்த 36 செயற்கைக்கோள்கள் பைக்கானூரில் சிக்கிக்கொண்டன. நிறுவனம் முடங்கிவிடவில்லை. ஸ்பேஸ்எக்ஸ் ஒருபுறம் ஏவியது, இந்தியாவின் எல்.வி.எம்.-3 ராக்கெட் 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் மொத்தம் 72 செயற்கைக்கோள்களைக் கொண்டுசென்றது. தொண்ணூறுகளில் கிரையோஜெனிக் தொழில்நுட்பம் நமக்கு மறுக்கப்பட்டபோது, திருநெல்வேலி மாவட்டத்தின் மகேந்திரகிரியில் இருபது ஆண்டுகள் பொறுமையாகச் சோதித்து உருவாக்கிய திறன்தான் அன்று சந்தையில் விலைபோனது.

எல்லைக் கண்காணிப்புக்காக 52 செயற்கைக்கோள்கள், 26,968 கோடி ரூபாய் என்ற திட்டத்தை மத்திய அரசு 2024 அக்டோபரில் ஏற்றது. அவற்றில் 31-ஐத் தனியார் உருவாக்குவர். தனியார் பங்கேற்பு வரவேற்கத்தக்கதே. ஆனால், போர்க்காலத்தில் கட்டளை பிறக்கும் அறை யாருடையது, நிறுவனம் கைமாறினால் என்ன ஆகும் என்பனவற்றை முறைப்படுத்தும் முழுமையான விண்வெளிச் சட்டம் இந்தியாவில் இன்னும் இல்லை. 2017-இல் வரைவு மசோதா ஒன்று வெளியாயிற்று. 2023-இல் கொள்கை அறிக்கை வந்தது. கொள்கை அறிக்கையை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது.

நாவிக்கின் உண்மை நிலை நாடாளுமன்றக் கேள்விக்கு வந்த பதிலில்தான் பொதுமக்கள் கவனத்துக்கு வந்தது. 2025 இறுதிக்குள் என்.வி.எஸ்.-03, அதன் பின் ஆறு மாத இடைவெளிகளில் அடுத்த இரண்டு என்பது அப்பதிலில் சொல்லப்பட்ட திட்டம். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் இணையதளத்தில் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் இயங்குகிறதா, பழுதா என்ற பட்டியலை உலகில் யாரும் எப்போதும் பார்க்கலாம். ராணுவ அமைப்பாக இருந்தும் அவர்கள் அதை மறைக்கவில்லை. ஆண்டுதோறும் விண்வெளித் துறையின் மானியக் கோரிக்கையுடன், இயங்கும் நாவிக் செயற்கைக்கோள்கள் எத்தனை, ஒவ்வொன்றின் எஞ்சிய ஆயுள் எவ்வளவு, மாற்று எப்போது, அதற்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு என்ற ஒரு பக்க அறிக்கையையும் இணைத்துத் தாக்கல் செய்யும்படி நிலைக்குழு கேட்கலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.